மாமாவின் நிலத்துக்கு நுழைவுச்சீட்டு

என் அக்காவைக் கட்டிய மாமாவுக்கு, ஆறு வளைந்து போகும் இடத்தில், அந்த வளைவின் வயிற்றுக்குள்ளேயே நிலம் இருந்தது. நிலம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தது, அவ்வளவுதான். வருஷத்தில் பாதி நாள் அது குளம். மீதியில் பாதி சேறு. இரண்டுக்கும் நடுவே, ஆறு வேறு ஏதோ யோசனையில் இருக்கும் சில வாரங்களில், மாமா அவசர அவசரமாக முட்டைக்கோஸ் நடுவார். வெங்காயம் நடுவார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு வருஷம் மக்காச்சோளம்கூடப் போட்டுப் பார்த்தார். எதைப் போட்டாலும் அறுவடைக்கு முதல் ஆளாக வந்து நிற்பது ஆறுதான். பெண் கொடுத்த வீட்டுக்கு உரிமையோடு வருகிற மாமனார் மாதிரி, சொல்லாமல் கொள்ளாமல் வரும், கூடத்தில் உட்காரும், இருப்பதைத் தின்றுவிட்டுப் போகும்.

ஊரில் அவருக்குப் பேர் சேத்துக்கால். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த அன்றே வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் ஈரமான பாதத் தடம் பதித்துவிட்டு, எதுவும் நடக்காதது போல் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு முகம் சுருங்கிப் போனது. அக்கா மட்டும் அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கால் நேரா வந்திருக்கு, அம்மா. மனுஷன் கோணல் இல்ல" என்று சொல்லிச் சம்மதித்தாள். எனக்கு அப்போது சின்ன வயசு. இவ்வளவு சுலபமாகவா மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். பிறகு நான் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஜனங்கள் மூக்குக்கண்ணாடி வாங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தபோது, அக்கா மேல் மரியாதை கூடியது.

மாமாவுக்கு மூன்று விரோதிகள். முதலாவது ஆறு. அதற்கு எதிராக வருஷா வருஷம் மண்வெட்டியோடு மல்லாடி ஒரு கரை எழுப்புவார். வருஷா வருஷம் ஆறு அதை உடைக்கும். இரண்டாவது கோரைப்புல். கோரையைப் பிடுங்குவது, ஒட்டிக்கொண்ட சொந்தக்காரரிடம் "எப்ப கிளம்புறீங்க" என்று கேட்பது மாதிரி. கோபித்துக்கொண்டு போய், இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரும். மூன்றாவது காட்டு வாத்து. முட்டைக்கோஸ் நாற்று இரண்டு இலை விட்டதும் அவற்றுக்கு யார்தான் தகவல் சொல்வார்களோ தெரியாது, கூட்டமாக வந்து இறங்கிவிடும். மாமா தன் பழைய சட்டையையும் தொப்பியையும் மாட்டி ஒரு பொம்மை நட்டு வைத்தார். ஒரு வாத்து அந்தப் பொம்மையின் காலடியில் கூடு கட்டி, நிழலில் சுகமாக உட்கார்ந்து, குஞ்சு பொரித்துவிட்டது. "என் சட்டையைப் போட்டவனுக்கே இதுதான் மரியாதைன்னா எனக்கு என்ன கிடைக்கப்போகுது" என்று மாமா அன்று சாப்பிடாமல் படுத்தார்.

கடைசியில் அவரிடம் மிஞ்சிய ஆயுதம் அவருடைய குரல். குதிகாலில் கிளம்பி, முதுகுத்தண்டு வழியாக ஏறி, தொண்டைக்கு வருவதற்குள் மனிதக் குரலுக்கான அடையாளம் எல்லாவற்றையும் இழந்துவிடும் ஒரு கத்தல். "ஹேஏஏய்… ஓய்ய்ய்!" ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேயும் மாடுகள் தலை தூக்கிப் பார்க்கும். சாலையில் போகும் பஸ் ஒருமுறை பிரேக் போட்டு நின்றது, யாரோ ஏறத்தான் கூப்பிடுகிறார்கள் என்று.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆறு இல்லாவிட்டாலும் மாமா நல்ல விவசாயி ஆகியிருக்க மாட்டார். வெங்காயத்தை ஆழமாகப் புதைத்துவிடுவார். எப்போது நாற்றுவிட வேண்டுமோ அப்போது கரைக்கு மண் போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் விடாமல் செய்தார். எதில் தோற்கிறோம் என்று தெரிந்தும் காலையில் எழுந்து தொப்பியைத் தேடுகிற மனுஷர்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலை, புத்தம்புதிய ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓர் அதிகாரி வந்தார். நான் லீவுக்கு அக்கா வீட்டில் இருந்தேன். ஆற்று வளைவில் உள்ள நிலத்தை எல்லாம் அரசாங்கம் வாங்கப்போகிறது, விருப்பமா என்று கேட்டார். மாமா அவரை உடனே வீட்டுக்குள் கூப்பிட்டு மேஜை முன்னால் உட்காரவைத்தார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன்.

"நிலத்துல தண்ணி தேங்குமா?" என்று கேட்டார் அதிகாரி.

விற்கிறவன் வேறு என்ன சொல்வான்? "சேச்சே! ஒரு சொட்டு நிக்காதுங்க. ஊத்துன தண்ணி ஊத்துன இடத்துலயே காணாமப் போயிடும்."

அதிகாரியின் முகம் லேசாக வாடியது. "நாணல், கோரை மாதிரி ஏதாவது?"

"மருந்துக்குக்கூடக் கிடையாது."

"பறவைங்க வருமா?"

"ஒரு காக்கா எட்டிப் பாக்காதுங்க. அவ்வளவு சுத்தமான நிலம்." இதை மாமா சொன்ன நேரத்தில், திறந்திருந்த வாசலுக்கு வெளியே ஒரு வாத்து தன் குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனது. மாமா நாற்காலியை நகர்த்தி அதிகாரியின் பார்வைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி பையை மூடினார். "மன்னிச்சுக்கணும். நாங்க ஈர நிலமாத்தான் தேடிட்டிருக்கோம். கரையை உடைச்சு, ஆத்தை உள்ள விட்டு, பறவைங்களுக்கு ஒரு சரணாலயம் அமைக்கப்போறோம். உங்க நிலம் இவ்வளவு நல்லா இருக்கே, இதைப் போய்ப் பாழாக்க மனசு வரல."

சமையலறையிலிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஐயா, உக்காருங்க. இவர் சொன்னதெல்லாம் பொய்."

"அம்மா?"

"போன மழைக்கு இந்த மேஜை மேலதான் நாங்க ரெண்டு நாள் குடும்பம் நடத்தினோம். செவுத்துல பாருங்க, அந்தக் கோடு, அது தண்ணி நின்ன கோடு. நாங்க ஏதோ அலங்காரத்துக்குப் போட்டதுன்னு நினைக்காதீங்க. கோரை வேணுமா? கட்டிலுக்கு அடியில முளைச்சுது. வாத்து வேணுமா? என்னங்க, அந்த நாற்காலியை விட்டு எந்திரிங்க, அவர் பாக்கட்டும்."

மாமா எழுந்தார். போன வாத்து திரும்பி வந்து வாசலிலேயே நின்றது. அதிகாரியின் முகத்தில் விளக்கு ஏற்றியது போல் ஆகிவிட்டது.

"ஆமாங்க, நான் பொய்தான் சொன்னேன்!" என்றார் மாமா. தன் பொய்யை இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொண்ட ஆளை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டார். "இங்க பாருங்க, இது கோரை. இங்கயும் கோரை. இங்க இறங்குனா முழங்கால். அங்க இறங்குனா ஆளே காணாமப் போயிடலாம், வாங்க காட்டுறேன்." வாழ்நாள் முழுக்கத் தலை குனிந்ததெல்லாம் அன்று ஒரு நாளில் பெருமையாக மாறியிருந்தது. திரும்பி வரும்போது அதிகாரியின் பூட்ஸ் ஒன்றைக் காணவில்லை. ஆனால் நிலம் விலைபோய்விட்டது.

டவுனுக்கு வந்து மூன்றாவது மாடியில் வீடு எடுத்தார்கள். "இங்க எப்படி வருது பாக்கலாம்" என்று மாமா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துச் சொன்னார். குடிவந்த மாதமே நாலாவது மாடிக் குளியலறை ஒழுகி, கூடத்து நடுவில் சொட்ட ஆரம்பித்தது. மாமா ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கண்டுபிடிச்சு வந்துடுச்சு" என்றார். தண்ணீர் பம்பு விற்கும் கடையில் வேலை கிடைத்தது. தண்ணீரை வெளியே தள்ளுவதில் அவருக்கு இருந்த அனுபவத்தைக் கேட்டுவிட்டு முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை. அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் இடத்தில் சேர்ந்தாள்.

சரணாலயம் திறந்தார்கள். கூட்டம் அலைமோதியது. அக்காவின் தையல் கூடத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் யாராவது போனை நீட்டி, "பாருங்கக்கா, என்ன அழகு!" என்று காட்டுவார்கள். அக்காவும், தன் பழைய சமையலறை இருந்த இடத்தில் கொக்கு நிற்பதைப் பார்த்து, "ஆமா, அழகுதான்" என்பாள். மாமா மட்டும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. "தண்ணியை வேடிக்கை பாக்க தண்ணிக்கே போகணுமா? மேல் வீட்டுக்காரன் குளிக்கட்டும், வாளியைப் பாரு" என்று சொல்லிவிடுவார். அக்கா ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "பயப்படுறார். நம்ம இல்லாம அது நல்லா இருந்துடுமோன்னு."

அவருக்குப் போகவேண்டி வந்தது சம்பந்தியால். அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த மச்சினனையே டிக்கெட் இல்லாமல் வந்தான் என்று நடுவழியில் இறக்கிவிட்டவர் என்று அவர் வீட்டார் கொஞ்சம் பெருமையாகவும் நிறையப் பயமாகவும் சொல்வார்கள். ஓய்வுக்குப் பிறகு அவருக்குப் பறவைப் பித்து பிடித்தது. பைனாகுலரை வைத்து ஒவ்வொரு பறவையையும், "நீ எங்கே ஏறினாய், எங்கே இறங்கப்போகிறாய்" என்று கேட்கிற மாதிரிதான் பார்ப்பார். அந்தப் பைனாகுலருக்கு லென்ஸ் துடைத்துக் கொடுத்ததில் என் மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஆத்தோரச் சரணாலயத்துக்குப் போறோம். ரெண்டு குடும்பமும் ஒண்ணாப் போனா ஒரு இது இருக்கும்" என்று சம்பந்தி போனில் சொல்லிவிட்டார். சம்பந்தி சொன்னால் சொன்னதுதான்.

"அது நம்ம நிலம்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார் மாமா. "தோத்துப்போன இடத்தைச் சுத்திக் காட்டுறதுக்கு நான் என்ன வழிகாட்டியா?"

ஞாயிற்றுக்கிழமை மாமா, அக்கா, சம்பந்தி, நான் என்று நாலு பேர் போனோம். சம்பந்தியம்மாள் முழங்கால் வலி என்று வரவில்லை. மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் சினிமாவுக்குப் போய்விட்டார்கள், அவர்களுக்குப் பைத்தியமா என்ன.

வெங்காயக் கொட்டகை இருந்த இடத்தில் வண்டிகள் நின்றன. வாசலில் ஒரு சின்ன அறை. உள்ளே போக டிக்கெட். மாமா நின்றுவிட்டார். என் காதோடு, "சின்னவளே, என் நிலத்துக்குள்ள போக நான் டிக்கெட் எடுக்கணுமா?" என்றார். பக்கவாட்டில் வேலிக்கு நடுவே ஒரு சந்து. அது அவர் போட்ட வேலிதான் போலிருக்கிறது, கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

"சம்பந்தி!" பின்னாலிருந்து பழைய ரயில் குரல் கேட்டது. "எங்க போறீங்க?"

"இல்ல… இப்படியும் வழி இருக்கான்னு பாத்தேன்."

"வழி இருக்கும். டிக்கெட் எடுத்தவங்களுக்குத்தான் வழி." சம்பந்தி நாலு சீட்டையும் எங்கள் கையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, "கடைசி வரைக்கும் பத்திரமா வெச்சிருங்க, கேப்பாங்க" என்றார். யாரும் கேட்கவில்லை. அவரே மட்டும் வழியில் இரண்டு தடவை கேட்டார்.

உள்ளே போனதும் மாமாவின் நடை மாறிவிட்டது. மரப்பலகை போட்ட பாதை, இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்குள் வானம். எனக்கே மூச்சு ஒரு நிமிஷம் நின்றது. கிழக்குத் துண்டு, மேட்டுத் துண்டு, மக்காச்சோளம் போட்ட துண்டு எதுவும் தெரியவில்லை. ஆனால் மாமாவின் கால்களுக்குத் தெரிந்தது. பலகை நேராகப் போகும் இடத்தில்கூட அவர் உடம்பு எங்கோ திரும்பப் பார்த்தது. ஒரு பலகைக்குப் பக்கத்தில் அவர் கை சும்மா கீழே இறங்கியது. பேச்சை நிறுத்தாமல், பார்க்காமல், ஒரு கோரையை வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, பின்னால் எறிந்தார். இன்னொன்றைப் பிடுங்கினார்.

"ஐயையோ! சம்பந்தி! என்ன பண்றீங்க?"

"களை."

சம்பந்தி விரலை நீட்டினார். அங்கே ஓர் அறிவிப்புப் பலகை: ‘கோரைப் படுகை. பாதுகாக்கப்பட்ட பகுதி. தயவுசெய்து தொடாதீர்கள்.’ மாமா அதை வாய்விட்டுப் படித்தார். "பாதுகாக்கப்பட்ட," என்று மறுபடி படித்தார். "கோரை." பிறகு கையில் இருந்த கோரையைப் பார்த்தார். முப்பது வருஷம் திட்டிய எதிரி அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டால் ஒருவருக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். அக்கா அதை வாங்கி, குனிந்து, ஈரத்தில் செருகி வைத்தாள். "முளைச்சுக்கும். அதை யாரால தடுக்க முடியும்" என்றாள்.

கொஞ்ச தூரத்தில் பெரிய பலகை ஒன்று, படம் எல்லாம் போட்டு. சம்பந்தி பலகைகளை ஒன்று விடாமல் படிக்கிறவர். உரக்கப் படித்தார்:

"‘இப்பகுதி முன்பு விவசாய நிலமாக இருந்தது. மோசமான வடிகால் காரணமாகப் பயிரிட இயலாமல் கைவிடப்பட்டது. இன்று இயற்கை தன் இடத்தை மீட்டுக்கொண்டுள்ளது.’ பாவம், எவனோ சோம்பேறி போலிருக்கு. பாத்துக்கத் தெரியாம விட்டுட்டுப் போயிருக்கான்."

அக்கா செருமினாள். நான் வானத்தைப் பார்த்தேன். மாமா பலகைக்கு மிக அருகில் போய் நின்றார், மூக்கு இடிக்கிற மாதிரி.

"கைவிடப்பட்டதா? யாரு கைவிட்டா?"

"எழுதியிருக்கே சம்பந்தி."

"யாரு வேணா எழுதலாம். கையில பாருங்க." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். மண்வெட்டி பிடித்த காய்ப்பு அப்படியே இருந்தது. "இது கைவிட்ட கையா? அந்தச் சோம்பேறி நான்தான் சம்பந்தி. இது என் நிலம்."

சம்பந்தி பைனாகுலரைக் கீழே இறக்கினார். கல்யாணம் நின்றுவிடுமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சம்பந்தி மெதுவாக ஒரு சுற்று சுற்றி, தண்ணீரை, நாணலை, எதிரே நின்ற நாரைக் கூட்டத்தை எல்லாம் பார்த்தார்.

"இவ்வளவுமா?"

"அந்த மரம் வரைக்கும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா டிக்கெட் கேட்டிருக்க மாட்டீங்களா?"

"டிக்கெட் கேட்டிருப்பேன்," என்றார் சம்பந்தி. "ஆனா மரியாதையாக் கேட்டிருப்பேன்."

அதற்குப் பிறகு சம்பந்தி மாமாவை முன்னால் விட்டு, தான் பின்னால் நடந்தார். ஆனால் மாமாவுக்கு மனசு ஆறவில்லை. ‘கைவிடப்பட்டது’ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அந்தச் சூட்டோடுதான் பறவை பார்க்கும் குடிலுக்குள் நுழைந்தோம்.

மரத்தால் கட்டிய சின்னக் குடில். சுவரில் நீளமான துவாரங்கள், அதற்கு எதிரே பெஞ்சு. உள்ளே ஏற்கெனவே ஒரு வயதான தம்பதியும், தன் கையைவிட நீளமான கேமராவோடு ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. சம்பந்தி என் காதில், "குருகுக்காகக் காத்திருக்காங்க. நாணலுக்குள்ள கழுத்தை நீட்டிக்கிட்டு நாணல் மாதிரியே நிக்கும். கண்ணுக்கே படாது" என்று கிசுகிசுத்தார். கேமராக்காரர் அதற்கே திரும்பி முறைத்தார். காலையிலிருந்து அவர் இமைக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

மாமா ஒரு துவாரத்தில் கண்ணை வைத்தார். எதிரே தண்ணீர் முடிந்து ஒரு பச்சைத் திட்டு. கிழக்குத் துண்டு. மாமா நாற்றுவிடும் இடம். தண்ணீரிலிருந்து ஒரு காட்டு வாத்து ஏறியது. உடம்பை உதறிக்கொண்டது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு கூட்டமே ஏறி, தலையைக் குனிந்து, அந்தப் பச்சையை நிதானமாக, உரிமையாக, கொத்த ஆரம்பித்தது.

மாமாவின் குதிகால் பலகையில் அழுந்துவதை நான் பார்த்தேன். "அக்கா," என்று சொல்லத்தான் எனக்கு நேரம் இருந்தது.

"ஹேஏஏய்… ஓய்ய்ய்ய்!"

மூடிய மரக்குடிலுக்குள் அந்தக் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சம்பந்தியின் ஃபிளாஸ்க் கீழே விழுந்து உருண்டது. வெளியே வாத்து, நாரை, கொக்கு, நீர்க்காகம் என்று சரணாலயத்தில் இறக்கை உள்ள அனைத்தும் ஒரே நேரத்தில் எழும்பின. வெளிச்சம் குறைந்துபோயிற்று. தம்பதியில் கணவர் மனைவியின் மடிக்குள் தலையைப் புதைத்திருந்தார். கேமராக்காரர் மட்டும் அசையவில்லை. அப்படியே சிலையாக உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து, மிக மெதுவாகத் திரும்பினார்.

மாமா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். "பழக்கம்," என்றார் விரல்களுக்கு நடுவே.

பலகைப் பாதையில் தடதடவென்று ஓடிவரும் சத்தம். சரணாலயப் பொறுப்பாளர் வந்து நின்றார். பச்சைத் தொப்பி போட்ட, உயரமான இளம்பெண். மூச்சு வாங்கியது. "யாரு? யாரு கத்துனது?"

கேமராக்காரரின் விரல் உயர ஆரம்பித்தது. அதற்குள் ஒருவர் எழுந்து நின்றார். சம்பந்தி.

"நான்தாம்மா. இருமல்."

சொந்த மச்சினனை இறக்கிவிட்ட மனுஷர்! பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது இரண்டும் சிவந்து போயிருந்தன. அக்கா என் கையை இறுகப் பிடித்தாள்.

"இருமலா? ஆபீஸ் வரைக்கும் கேட்டுச்சு ஐயா."

"நாள்பட்ட இருமல்."

"எங்க, இருமிக் காட்டுங்க பாக்கலாம்."

சம்பந்தி நெஞ்சை நிமிர்த்தி, "கெக்," என்றார்.

"இதுவா?"

"இல்ல, இன்னும் கொஞ்சம்…" கண்ணை மூடி, முழு மூச்சையும் இழுத்து, "ஏய்ங்ங்," என்றார். எண்ணெய் போடாத கதவு மாதிரி இருந்தது.

மாமாவைப் பார்த்தேன். முகம் வேதனையில் கோணிக்கொண்டிருந்தது. குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். இல்லை. தன் குரலை, அந்த வளைவு முழுக்கப் பேர் பெற்ற குரலை, இப்படிக் கொலை செய்வதை அவரால் தாங்க முடியவில்லை.

"அப்படி இல்ல சம்பந்தி," என்றார். "தொண்டையில பிடிக்காதீங்க. குதிகாலை ஊணிக்கணும். அடிவயித்துலேர்ந்து வரணும்." அக்கா சட்டையை எட்டிப் பிடிப்பதற்குள் செய்தும் காட்டிவிட்டார்.

வெளியே அப்போதுதான் வந்து இறங்கிய பறவைகள் எல்லாம் மறுபடி எழும்பின. இந்த முறை வாத்துகள் ஆற்றைத் தாண்டியே போய்விட்டன.

"குருகும் போயிடுச்சா?" என்று கேமராக்காரர் உடைந்த குரலில் கேட்டார்.

"குருகு போகாது சார்," என்றார் பொறுப்பாளர். "பயந்தா இன்னும் அசையாம நிக்கும்."

"அப்ப நான் இருக்கேன்," என்று சொல்லி அவர் மறுபடி துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டார். பிறகு பொறுப்பாளர் எங்கள் நாலு பேரையும் கையோடு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தார். திருட்டு ரயில் ஏறியவர்களைப் போல நாங்கள் வரிசையாகப் போனோம். சம்பந்தி தலையைத் தொங்கப்போட்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை ஒருவர் இறக்கிவிடுகிறார்.

மாமா மட்டும் பேசிக்கொண்டே வந்தார். "கத்துனது தப்புதாம்மா. ஆனா நீங்க எழுதுனதும் தப்பு. நான் கைவிடல. இந்த நிலத்துக்கு நான் கரை கட்டியிருக்கேன்."

பொறுப்பாளர் நின்றார். "அந்தக் கரை நீங்க கட்டுனதா?"

"ஏன்?"

"அதை உடைக்க மெஷின் கொண்டுவந்தோம். பாதி உடைக்கிறதுக்குள்ள மெஷின் மாட்டிக்கிச்சு. அதை வெளிய எடுக்க இன்னொரு மெஷின் வந்து அதுவும் மாட்டிக்கிச்சு. என்னத்தைப் போட்டுக் கட்டுனீங்க?"

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "மெஷினா? மாட்டிக்கிச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "ரெண்டுமா?" பிறகு அக்காவைப் பார்த்து, "கேட்டியா? ஆறு ஒரே தள்ளுல உடைச்ச கரை. கவர்மெண்டால முடியல" என்றார். அவர் ஆற்றைப் பாராட்டினாரா, தன்னைப் பாராட்டிக்கொண்டாரா என்று தெரியவில்லை. எதிரி பலசாலி என்று ஊர்ஜிதமானதில் தோற்றவருக்கு ஒரு நிம்மதி வந்தது போலிருந்தது.

வாசல் தேநீர்க் கடையில் பஞ்சாயத்து நடந்தது. பலகையை மாற்ற வேண்டும் என்று மாமா. என்ன எழுதுவது என்று பொறுப்பாளர். மாமா சொன்னதை எல்லாம் எழுதினால் பலகை ஆற்றுக்கு அந்தக் கரை வரைக்கும் போகும். "முழுசா மாத்த முடியாது ஐயா. ஒரு வார்த்தை வேணா ஒட்டிக் குடுக்கலாம்," என்றார் அந்தப் பெண். சம்பந்தி, "‘விற்கப்பட்டது’ன்னு போடுங்க, அதான் சட்டப்படி சரி" என்றார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் அக்கா, தேநீரை ஆற்றிக்கொண்டே, "‘கைவிடப்பட்டது’ங்கிற எடத்துல ‘விட்டுக்கொடுக்கப்பட்டது’ன்னு போடும்மா" என்றாள்.

பொறுப்பாளர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"எழுத்து கூட வருமே," என்றார் பொறுப்பாளர்.

"சின்னதா எழுதிக்கோ."

இப்போது போனால் பார்க்கலாம். மோசமான வடிகால் காரணமாகப் பயிரிட இயலாமல் என்பது வரைக்கும் பெரிய எழுத்து. அதற்கு மேல் கோணலாக ஒட்டிய வேறு நிறத் தாளில், நசுங்கிய எழுத்தில், ‘விட்டுக்கொடுக்கப்பட்டது’. பார்க்க வருகிறவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி, மறுபடி படித்துவிட்டுப் போகிறார்கள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சம்பந்திகள் இரண்டு பேரும் இப்போது ஈருடல் ஓருயிர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சரணாலயம். மாமாவுக்குக் குடிலுக்குள் அனுமதி இல்லை, வேறு எங்கும் போகலாம் என்று பொறுப்பாளர் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். சம்பந்தி உள்ளே போய்ப் பறவை பார்ப்பார். மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அந்த வழியாகப் போகிறவர்களைப் பிடித்து நிலத்தைப் பற்றிச் சொல்வார். வரவர அதில் முட்டைக்கோஸ் பெருத்துக்கொண்டே போகிறது. போன மாதம் ஒரு பள்ளிக்கூட டீச்சரிடம், "ஒரு கோஸை ரெண்டு பேர் தூக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த அக்கா, "ஆமா டீச்சர், ஒருத்தர் கோஸைத் தூக்கணும், இன்னொருத்தர் சேத்துலேர்ந்து அவரைத் தூக்கணும்" என்றாள்.

இந்த வருஷ மழையின்போது நானும் கூடப் போயிருந்தேன். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஆறு ஏற ஆரம்பித்துவிட்டது. பொறுப்பாளர் விசில் ஊதிக்கொண்டே எல்லோரையும் வெளியே அனுப்பினார். சம்பந்தி புது ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார். மாமா பெஞ்சை விட்டு எழவில்லை. பழுப்புத் தண்ணீர் கோரைக்கு நடுவே சத்தமில்லாமல் புகுந்து, கிழக்குத் துண்டை மூடி, மெல்ல மெல்லப் பலகைக்கு அடியில் வந்தது. அவர் கை காலை நீட்டி உட்கார்ந்து, ஏதோ நாடகம் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எந்திரிங்க, தண்ணி வருது," என்றாள் அக்கா.

"வரட்டும் விடு. அது வீட்டுக்கு அது வருது. நமக்கு என்ன அவசரம்?"

தண்ணீர் பெஞ்சுக்கு மேல் வந்து உட்கார்ந்த இடம் நனைந்ததும் துள்ளி எழுந்து எங்களை எல்லாம் முந்திக்கொண்டு நடந்தார், அது வேறு விஷயம்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. நாலு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மழை வலுத்துக் கண்ணாடியில் அடித்தது. மழை பெய்யும்போது மாமா கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. முப்பது வருஷமாகப் பார்த்ததில்லை என்று அக்காவும் சொல்லியிருக்கிறாள். மழை என்றால் அவர் எழுந்து உட்கார்ந்து கரையைப் பற்றிக் கவலைப்படுவார், டவுனுக்கு வந்த பிறகும், கரையே இல்லாத பிறகும். அன்று திரும்பிப் பார்த்தால், சம்பந்தியின் தோளில் தலை சாய்த்து, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். சம்பந்தி தோளை அசைக்காமல், தான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு நிறுத்தம் வந்தார்.